கர்த்தர் நியாயத்தை விரும்புகிறார்: தராசிலும் கூலியிலும் சாட்சியிலும் அதற்கு என்ன பொருள்?

சபைக்குள் ஓர் அநியாயம் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணக் கணக்கு இடித்திருக்கலாம். வேலை செய்தவருக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டிருக்கலாம். எளியவர் ஒருவர் மிரட்டப்பட்டிருக்கலாம். உடனே இரண்டு வசனங்கள் எடுக்கப்படுகின்றன. ‘மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்’ என்பது ஒன்று. ‘ஏழெழுபதுதரமட்டும்’ மன்னிக்க வேண்டும் என்பது இன்னொன்று. பாதிக்கப்பட்டவரும் அதே வேதத்தைத் திறந்து வேறொரு வசனத்தைக் காட்டுகிறார்: ‘கர்த்தர் நியாயத்தை விரும்புகிறவர்’ (சங்கீதம் 37:28). கேட்டுக்கொண்டிருக்கிற விசுவாசி குழம்பிப்போகிறார். தேவன் மன்னிக்கிறவரா, நியாயம் கேட்கிறவரா? அன்பாயிருக்கிறவர் நியாயத்தில் இத்தனை கண்டிப்பாக இருப்பது எப்படி?

இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி ‘நியாயம்’ என்ற சொல்லை நாம் குறுக்கிப் புரிந்துகொண்டதால் வருகிறது. அதனால் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

சொற்கள்: மிஷ்பாத், செதாக்கா

நம் வேதாகமத்தில் ‘நியாயம்’ என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் எபிரெயத்தில் இருக்கும் சொல் ‘மிஷ்பாத்’. பழைய ஏற்பாட்டில் இது 400 தடவைக்கு மேல் வருகிறது. ‘ஷாபாத்’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. வழக்கை விசாரித்துத் தீர்ப்பது, ஒருவருக்கு உரியதை அவரிடம் சேர்ப்பது, கோணலாய்ப் போன காரியத்தை நேராக்குவது எல்லாம் அந்த வினைக்குள் அடங்கும். குற்றவாளிக்குத் தண்டனை கொடுப்பதும் மிஷ்பாத்தான். விதவைக்குச் சேரவேண்டிய நிலத்தை வாங்கிக் கொடுப்பதும் மிஷ்பாத்தான். நம் பேச்சில் முதல் பாதி மட்டும் நிலைத்துவிட்டது. ‘நியாயத்தீர்ப்பு’ என்றாலே நெருப்பும் கடைசி நாளும் மட்டும் மனதில் வருவது அதனால்தான். ஆனால் சங்கீதக்காரன் ‘என்னை நியாயம் விசாரியும்’ என்று கெஞ்சிக் கேட்கிறான். தண்டனையை யாராவது கெஞ்சிக் கேட்பார்களா? அவன் கேட்பது தன் வழக்கை ஒருவர் கையிலெடுக்க வேண்டும் என்று.

கூடவே வருகிற சொல் ‘செதாக்கா’. தமிழில் ‘நீதி’. உறவுகளில் ஒருவன் நேராக நடந்துகொள்வது இது. தகப்பன் பிள்ளையிடமும், எஜமான் வேலைக்காரனிடமும், விற்கிறவன் வாங்குகிறவனிடமும் நடக்கவேண்டிய விதத்தில் நடப்பது. செதாக்கா இருக்கிற இடத்தில் மிஷ்பாத்துக்கு அதிக வேலை இராது. அது உடைந்த இடத்தில் மிஷ்பாத் தேவைப்படும்.

ஏசாயா 5:7 இந்த இரண்டு சொற்களையும் வைத்து நெஞ்சில் தைக்கிற ஒரு வரியைச் சொல்கிறது. தேவன் தம்முடைய திராட்சத்தோட்டத்தில் ‘நியாயத்துக்குக் காத்திருந்தார், இதோ, கொடுமை, நீதிக்குக் காத்திருந்தார், இதோ, முறைப்பாடு’. எபிரெயத்தில் கேட்டால் மிஷ்பாத்துக்குக் காத்திருந்தார், கிடைத்தது மிஸ்பாக். செதாக்காவுக்குக் காத்திருந்தார், கிடைத்தது செஆக்கா. ஒவ்வொரு ஜோடியிலும் ஓரிரு ஒலிதான் மாறுகிறது. தூரத்திலிருந்து கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆராதனைச் சத்தத்துக்குள் ஒடுக்கப்பட்டவனின் கூக்குரல் ஒளிந்திருப்பதும் அப்படித்தான். தேவனுடைய காது அந்தச் சின்ன ஒலி வேறுபாட்டைப் பிரித்துக் கேட்கிறது.

மத்தேயு 7:1-ஐயும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘தீர்க்காதிருங்கள்’ என்ற இயேசு நான்கு வசனம் தள்ளி, முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகை பார்ப்பாய் என்கிறார். துரும்பை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. யோவான் 7:24-ல் தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள் என்று அவரே கட்டளையிடுகிறார். அவர் தடுப்பது மாய்மாலமான தீர்ப்பை. அநியாயத்தை அநியாயம் என்று சொல்வதை அவர் எங்கும் தடுக்கவில்லை.

‘விரும்புகிறார்’ என்ற வினையின் பாரம்

தேவன் நியாயத்தைக் கட்டளையிடுகிறார் என்று மட்டும் வேதம் சொல்லியிருந்தால், அது ஒரு சட்டம் என்ற அளவில் நின்றிருக்கும். சங்கீதம் 33:5, 37:28, ஏசாயா 61:8 ஆகிய இடங்களில் வருகிற வினை ‘நேசிப்பது’. ஈசாக்கு ரெபெக்காளை நேசித்தான் என்று சொல்லும்போதும் எபிரெயத்தில் அதே வினைதான். ஒருவர் எதை நேசிக்கிறாரோ அதற்கு எதிரானதை வெறுப்பார். அதனால்தான் ஏசாயா 61:8-ல் நியாயத்தை விரும்புகிறேன் என்று சொன்ன அதே மூச்சில், கொள்ளைப்பொருளால் இடப்பட்ட தகனபலியை வெறுக்கிறேன் என்கிறார். பலி சரியான முறைப்படி செலுத்தப்பட்டிருக்கலாம். அந்த மிருகம் வந்த வழி சரியில்லை.

இந்த நேசம் எங்கிருந்து வருகிறது என்பதை யாத்திராகமம் 22:26-27 காட்டுகிறது. ஏழையின் போர்வையை ஈடாக வாங்கினால் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடு, அவனுக்கு இருக்கிற போர்வை அது ஒன்றுதான், அவன் என்னை நோக்கி முறையிட்டால் கேட்பேன் என்று சொல்லி, ‘நான் இரக்கமுள்ளவராயிருக்கிறேன்’ என்று முடிக்கிறார். கடன் கொடுத்தவன் கடைப்பிடிக்கவேண்டிய ஒழுங்குக்கு தேவன் சொல்லும் காரணம் தம்முடைய இரக்கம். இரக்கம் ஒரு பக்கம், நியாயம் மறுபக்கம் என்று தராசுத் தட்டுகளில் நாம் வைத்துப் பார்க்கிறோமே, அந்தப் படமே இங்கே உடைந்துபோகிறது. குளிரில் நடுங்குகிறவனுக்கு இரக்கம் என்பது போர்வை திரும்பி வருவதுதான்.

எரேமியா 22 இதைவிடக் கூர்மையானது. கூலி கொடாமல் வேலை வாங்கித் தனக்கு விசாலமான அரமனை கட்டிய யோயாக்கீம் ராஜாவிடம், அவன் தகப்பன் யோசியாவைக் காட்டி தீர்க்கதரிசி பேசுகிறான். யோசியா சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான். ‘அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு’ என்று கர்த்தர் சொல்கிறார். தேவனை அறிவது என்றால் என்ன என்பதற்கு வேதம் தருகிற விளக்கங்களில் இதைக் கடந்துபோவது நமக்கு மிகச் சுலபமாக இருக்கிறது. அதனாலேயே இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும்.

ஒரு போர்வை, ஓர் ஓட்டுச்சில்லு

1960-ல் இஸ்ரவேலின் கடலோரத்தில், யவ்னே-யாம் அருகே மெசாத் ஹஷவ்யாஹு என்ற பழைய கோட்டையைத் தோண்டியபோது, மையால் எபிரெயம் எழுதப்பட்ட ஓட்டுச்சில்லுகள் கிடைத்தன. கி.மு. 7-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. அதில் ஒன்று அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த மனு. தனக்குக் குறித்த அளவை அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாகச் சொல்கிறான். அதற்குப் பிறகும் ஷோபாயின் மகன் ஹோஷயாஹு என்பவன் வந்து தன் வஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்கிறான். வெயிலில் தன்னோடு அறுத்த சகோதரர்கள் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். வஸ்திரத்தைத் திருப்பித் தரச்சொல்லும்படி கேட்கிறான்.

எரேமியா தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தையொட்டிய ஒரு வயற்காட்டில், யாத்திராகமம் 22 சொல்லும் அதே பொருளுக்காக, ஒரு கூலியாள் வாதாடுகிறான். அதிகாரி என்ன முடிவெடுத்தார் என்பது ஓட்டில் இல்லை. ஆனால் நியாயத்துக்கு என்னென்ன வேண்டும் என்பது அந்தச் சில்லில் அப்படியே இருக்கிறது: முறையிட ஓர் இடம், நடந்ததின் வரிசை, சாட்சி, திரும்ப வேண்டிய பொருள். மிஷ்பாத் என்பது இத்தனை கையடக்கமான காரியம்.

உபாகமம் 24 இதே கடன் விஷயத்தில் இன்னும் நுணுக்கமாகப் போகிறது.

1. ஈடு வாங்கப் போகிறவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வெளியே நிற்கவேண்டும், கடனாளியே பொருளை எடுத்துக்கொண்டு வருவான் (24:10-11). கடன் இருக்கிறது என்பதற்காக வாசலைத் தாண்டும் உரிமை வந்துவிடாது.

2. ஏந்திரத்தின் அடிக்கல்லையோ மேற்கல்லையோ ஈடாக வாங்கக்கூடாது (24:6). மாவரைக்கும் கல்லை எடுத்துப்போனால் அன்றைய அப்பம் போய்விடும். மேற்கல் ஒன்றை எடுத்தாலே போதும், அடிக்கல் வீணாகக் கிடக்கும். பிழைப்புக்கான கருவியில் கைவைக்காதே என்பதே இதன் பொருள்.

3. கூலிக்காரனுக்கு அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே கூலி கொடுக்கவேண்டும் (24:15). அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது.

பையிலிருக்கும் இரண்டு கற்கள்

‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது; சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்’ (நீதிமொழிகள் 11:1). நிறைகல்லின்மேல் தேவன் பிரியம் வைக்கிறார் என்பது இன்று விசித்திரமாகத் தோன்றலாம். அந்தக் காலத்து வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

இஸ்ரவேலின் ராஜாக்கள் காலத்தில் அங்கே நாணயம் புழக்கத்தில் இல்லை. வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது 17 சேக்கல் வெள்ளியைச் சாட்சிகளுக்கு முன்பாகத் தராசில் நிறுத்தான் (எரேமியா 32:9-10). யூதாவின் பட்டணங்களில் தோண்டியெடுத்த சேக்கல் நிறைகற்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மேல்பக்கம் உருண்டு, அடிப்பக்கம் தட்டையாகச் செதுக்கியவை. அவற்றை நிறுத்துப் பார்த்ததில் ஒரு சேக்கல் சுமார் 11.3 கிராம் என்று தெரியவந்தது. எரேமியா கொடுத்த வெள்ளி 190 கிராமுக்குச் சற்று மேல்.

இப்போது ஆமோஸ் 8:5 சொல்லும் தந்திரத்தைப் பாருங்கள். தானியம் அளக்கும் படியைச் சிறிதாக்குகிறார்கள். வெள்ளி நிறுக்கும் சேக்கல் கல்லைப் பெரிதாக்குகிறார்கள். படி 10 சதவீதம் குறைவு, கல் 10 சதவீதம் அதிகம் என்று கொள்வோம். வாங்குகிறவன் 100 பங்கு வெள்ளி கொடுக்கவேண்டிய இடத்தில் 110 பங்கு கொடுக்கிறான். 100 பங்கு தானியம் கிடைக்கவேண்டிய இடத்தில் 90 பங்கு பெறுகிறான். 110-ஐ 90-ஆல் வகுத்தால் 1.22. இரண்டு சின்னத் திருட்டுகள் சேர்ந்து விலையை 22 சதவீதம் ஏற்றிவிட்டன. வாங்குகிறவன் தராசையும் பார்க்கிறான், படியையும் பார்க்கிறான்; இரண்டும் சரியாக இருப்பதுபோலவே தெரிகிறது. அதே வியாபாரி வாங்கும்போது பையிலிருந்து வேறு கல்லை எடுப்பான். ‘பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை’ பையில் வைத்திராதே என்று உபாகமம் 25:13 சொல்வது இதைத்தான். கல்லைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம்.

இந்தப் பாவத்தின் தன்மை கவனிக்கத்தக்கது. கத்தி இல்லை, சத்தம் இல்லை, ஏமாந்தவனுக்கே ஏமாந்தது தெரியாது. அதனால் முறையிட ஆளில்லை. முறையிட ஆளில்லாத அநியாயத்தைத் தேவன் தாமே வழக்காக எடுக்கிறார். ஆமோஸ் 5:24-ல் ‘நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும்’ புரண்டுவரட்டும் என்கிற பெருங்குரல், சிறுத்துப்போன ஒரு படியைப் பார்த்த அதே தீர்க்கதரிசியின் குரல்.

ஒலிமுகவாசல்: விசாரணை எப்படிக் கெடுகிறது

பட்டணத்து வாசலே நீதிமன்றம். தாண், கேசேர் போன்ற இடங்களில் தோண்டிய வாசல்களில் மூப்பர்கள் உட்காரத்தக்க கல் திண்ணைகள் இன்றும் இருக்கின்றன. அங்கே நடந்த விசாரணைக்கு நியாயப்பிரமாணம் சில காவல்களைப் போட்டது.

முதலாவது, முகதாட்சிணியம் கூடாது. லேவியராகமம் 19:15 சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும் பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும் தீர்க்கச் சொல்கிறது. தேவன் எளியவர்கள் பக்கம் நிற்கிறார் என்பது உண்மை. ஏனென்றால் அவர்கள் வழக்குதான் வாசலுக்கே வராமல் போகிறது. ஆனால் வழக்கு வந்தபிறகு உண்மை எதுவோ அதுதான் தீர்ப்பு. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரியாமல் ஒரு கூட்டம் ஏழைகளை மறந்துவிடுகிறது, இன்னொரு கூட்டம் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, பரிதானம், அதாவது லஞ்சம். அது ஞானிகளின் கண்களைக் குருடாக்கும் என்று உபாகமம் 16:19 சொல்கிறது. மூடனை அல்ல, ஞானியை. நல்லவர் ஒருவர் ‘நான் வாங்கினாலும் சரியாகத்தான் தீர்ப்பேன்’ என்று நம்பும் இடத்தில்தான் பார்வை போகிறது.

மூன்றாவது, சாட்சி. ஒரே சாட்சியால் எந்தக் குற்றமும் நிலைவரப்படாது. இரண்டு மூன்று பேர் வேண்டும் (உபாகமம் 19:15). பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு, அவன் சகோதரனுக்குச் செய்ய நினைத்ததே செய்யப்படும் (19:19).

இத்தனை காவலையும் தாண்டி விசாரணை கெடுவதற்கு 1 இராஜாக்கள் 21 சாட்சி. ஆகாப் ராஜாவுக்குத் தன் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்த நாபோத்தைக் கொல்ல, ராணி யேசபேல் ஆள் அனுப்பவில்லை. கடிதம் எழுதினாள், முத்திரை போட்டாள், உபவாசம் கூறச்சொன்னாள், இரண்டு பொய்ச்சாட்சிகளை நிறுத்தினாள். மூப்பர்கள் உட்கார்ந்தார்கள். வெளிப்பார்வைக்கு முறை எதுவும் மீறப்படவில்லை. நாபோத் கல்லெறியுண்டு செத்தான், அவனுடைய திராட்சத்தோட்டம் ஆகாப் கைக்குப் போனது. சட்டப்படி நடந்தது என்பதும் நியாயமாக நடந்தது என்பதும் ஒன்றல்ல. கர்த்தர் எலியாவிடம் பேசும்போது அந்த விசாரணையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை: ‘நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ’ என்று கேட்கச் சொன்னார்.

சிலுவை: நியாயம் தள்ளுபடி ஆனதா?

இங்கேதான் கடினமான கேள்வி. நீதிமொழிகள் 17:15 துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும் நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனும் கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. ரோமர் 4:5 தேவனையே பாவியை நீதிமானாக்குகிறவர் என்று அழைக்கிறது. மனுஷ நியாயாதிபதி செய்தால் அருவருப்பாகும் ஒன்றைத் தேவன் செய்கிறாரா?

பவுல் இந்த முடிச்சை ரோமர் 3:25-26-ல் அவிழ்க்கிறார். கிறிஸ்து கிருபாதாரபலியாக நிறுத்தப்பட்டது, தேவன் ‘தாம் நீதியுள்ளவரும்’ விசுவாசிக்கிறவனை ‘நீதிமானாக்குகிறவருமாய்’ விளங்கும்படி. இரண்டும் ஒருங்கே நிற்கின்றன. தேவன் பாவத்தைப் பார்த்தும் பாராததுபோல் விட்டிருந்தால் அது கிருபையாக இருந்திருக்காது, கைவிடலாக இருந்திருக்கும். ஒவ்வொரு பாவத்திலும் ஒரு நாபோத் இருக்கிறான். விலை கொடுக்கப்பட்டது, அதைக் கொடுத்தவர் அவரே.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய சின்ன நிருபத்தில் இதே அமைப்பு அப்படியே தெரிகிறது. உன் அடிமையான ஒநேசிமு உனக்கு அநியாயம் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்’ என்கிறார் (வசனம் 18). கடனை மறந்துவிடு என்று சொல்லவில்லை. நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்.

அதனால் மன்னிப்பு என்ற பெயரில் பாதிக்கப்பட்டவரின் இழப்பை மூடச்சொல்வது சிலுவையின் போக்குக்கே விரோதம். மன்னிக்கிறவர் விட்டுவிடுவது பழிவாங்கும் உரிமையை. ரோமர் 12:19-ன்படி அதைத் தேவன் கையில் கொடுக்கிறார். திருடியவர் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமை இதனால் அழிந்துபோவதில்லை. ஆயக்காரர் தலைவனான சகேயு இதைச் சரியாகப் புரிந்துகொண்டான். இயேசு அவன் வீட்டுக்கு வந்தார், கணக்குக் கேட்கவில்லை. அவனே எழுந்து நின்று நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான்.

நெகேமியா செய்த விதம்

அநியாயத்தை எதிர்கொள்ளும் நடைமுறைக்கு நெகேமியா 5-ம் அதிகாரம் நல்ல பாடம். காலம் கி.மு. 5-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எருசலேமின் அலங்கம் பாதி எழும்பியிருக்கிறது. ஜனங்கள் முறையிடுகிறார்கள்: சிலருக்குத் தானியம் இல்லை, சிலர் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்திருக்கிறார்கள், சிலர் ராஜாவின் தீர்வைக்காகக் கடன் வாங்கிப் பிள்ளைகளை அடிமைகளாக ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியரல்ல, சொந்தச் சகோதரர்.

1. அவன் கேட்டான், கோபப்பட்டான். அலங்க வேலை முடியட்டும், இப்போது பிரிவினை வேண்டாம் என்று தள்ளவில்லை.

2. பேசுமுன் தன் மனதிலே ஆலோசித்தான் (5:7). கோபத்துக்கும் கண்டிப்புக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டான்.

3. குற்றம் செய்த பெரியவர்களிடமே நேராகப் பேசினான். பிறகு பெரிய சபையைக் கூட்டினான். பலரைப் பாதித்த காரியத்தை மூடிய அறையில் முடிக்கவில்லை.

4. கேட்டதைப் பெயர்பெயராகச் சொன்னான்: நிலம், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, பணம் தானியம் திராட்சரசம் எண்ணெயில் தண்டின நூற்றுக்கொன்று வட்டி. ‘இன்றைக்கே’ என்று நாளும் குறித்தான். நூற்றுக்கொன்று என்பதை மாதவட்டியாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். அப்படியானால் வருஷத்துக்கு 12 சதவீதம்.

5. சரி என்றவர்களை விடவில்லை. ஆசாரியர்களை அழைத்து ஆணையிடுவித்தான்.

6. தன்னைச் சரிபார்த்தான். முன்னிருந்த அதிபதிகள் அப்பத்தோடும் ரசத்தோடும் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். இவன் 12 வருஷம் அதிபதிக்குரிய உணவுப்படியைத் தொடவில்லை (5:14-15).

நான்காவது படியில்தான் நம் சமரசங்கள் தோற்கின்றன. ‘வருந்துகிறோம்’ என்று ஒரு வரி வாசிக்கப்படும். எது, யாரிடம், எந்தத் தேதிக்குள் திரும்பப் போகிறது என்று இராது.

நம் கையில்

கூலி. யாக்கோபு 5:4-ல் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது. ஆள் பயந்து வாயை மூடியிருக்கலாம், பணம் மூடாது. பேசிய தொகையை வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ளவும், சொன்ன தேதியில் கேட்காமலே கொடுக்கவும் வேண்டும். ‘ஊழியம்’ என்று பெயர்வைத்து ஒருவரின் கூடுதல் மணிநேரங்களை இலவசமாக வாங்குவது அநேக கிறிஸ்தவ ஸ்தாபனங்களில் சாதாரணமாகிவிட்டது. மனமுவந்து கொடுப்பது காணிக்கை. மறுக்க முடியாமல் கொடுப்பது பிடித்தம்.

அளவு. இன்று நிறைகல் பல உருவங்களில் இருக்கிறது: வேலை செய்த நேரத்தின் பதிவு, பொருளின் குறையை மறைக்கும் விளம்பரம், தான் கொடுக்கும்போது ஒரு விதியும் வாங்கும்போது வேறு விதியும். சோதித்துப் பார்க்க எளிய வழி: எதிர்ப்பக்கத்தில் நான் இருந்தால் இதே கல்லை ஏற்றுக்கொள்வேனா?

சாட்சி. விசாரிக்காமல் ஒரு குற்றச்சாட்டைக் கைப்பேசியில் நாற்பது பேருக்கு அனுப்புவது, ஒலிமுகவாசலில் எழுந்து நிற்பதற்குச் சமம். ‘மற்றவர் அனுப்பியதைத்தான் அனுப்பினேன்’ என்பது உபாகமம் 19-ன் முன் நிற்காது.

சபையில் முறைப்பாடு வந்தால்

இங்கே பிழைகள் அதிகம் நடப்பதால் வரிசையாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

1. முறைப்பாட்டை அதைச் சொன்னவரின் வார்த்தையிலேயே, தேதியோடு எழுதுங்கள். பிறகு எழுதினால் ஞாபகம் வளையும்.

2. குற்றஞ்சாட்டப்பட்டவரின் உறவினரும், அவரால் பிழைப்பு நடக்கிறவர்களும் விசாரணையில் உட்காரக்கூடாது.

3. இரண்டு பக்கமும் கேளுங்கள். தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான் (நீதிமொழிகள் 18:17). முதலில் பேசுகிறவர் பல நேரம் போதகருக்கு நெருக்கமானவராக இருப்பதைக் கவனத்தில் வையுங்கள்.

4. மத்தேயு 18:15-ன் ‘தனித்திருக்கையில்’ என்ற ஒழுங்கை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். அது சரிசமமான இரண்டு சகோதரருக்குள் நடந்த குற்றத்துக்கு. மிரட்டப்பட்டவரை, துன்புறுத்தப்பட்ட பிள்ளையை, அதைச் செய்தவரோடு தனியறையில் உட்காரவைப்பது இந்த வசனத்தின் பெயரால் நடக்கும் கொடுமை. அதே அதிகாரம் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவது பற்றித்தான் முன்பே பேசியிருக்கிறது.

5. குற்றச்செயல் என்றால் சட்ட அதிகாரிகளிடம் போகவேண்டும். 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டித் தடுப்பது தவறு. அங்கே பவுல் பேசுவது ‘ஜீவனுக்கடுத்த’ காரியங்கள், அதாவது சொத்து, கொடுக்கல்வாங்கல் போன்ற வழக்குகள். தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பட்டயம் அதிகாரத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது (ரோமர் 13:4). பவுலே பிலிப்பி சிறையிலிருந்து இரகசியமாய்ப் போக மறுத்தார், இராயனுக்கு அபயமிட்டார்.

6. மூப்பர் குற்றவாளி என்று தெரிந்தால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவேண்டும் (1 தீமோத்தேயு 5:20). இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற 19-ம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அடுத்த வசனத்தை வாசிப்பதில்லை.

ஆதிச்சபை கற்றுக்கொடுப்பது இன்னொன்று. கிரேக்கு பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனியாமல் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது (அப்போஸ்தலர் 6), முறுமுறுப்பது பாவம் என்று அப்போஸ்தலர் பிரசங்கிக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்தில் குறை எழுந்ததோ அந்தப் பக்கத்தாரிடமே பந்தியின் பொறுப்பு போயிற்று என்று எண்ண இது இடங்கொடுக்கிறது.

திருப்பிக் கொடுத்தல்: எவ்வளவு, எப்போது, யாரிடம்

நியாயப்பிரமாணம் போட்ட அளவுகள் யோசித்துப் போட்டவை. திருடிய மாட்டைக் கொன்றாலோ விற்றாலோ ஐந்து மாடு, ஆடானால் நாலு (யாத்திராகமம் 22:1). மிருகம் உயிரோடு கையில் பிடிபட்டால் இரண்டு மடங்கு (22:4). தானே குற்றத்தை உணர்ந்து அறிக்கை செய்தால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு (லேவியராகமம் 6:5). 100 மதிப்புள்ள பொருளுக்கு 400, 500 என்று போகக்கூடிய தொகை, தானாக வந்து ஒப்புக்கொள்கிறவனுக்கு 120-ல் நிற்கிறது. மனந்திரும்பி வருகிறவனுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. தாமதிக்கிறவனுக்கு ஏறிக்கொண்டே போகிறது.

இன்று ஒருவர் பழைய அநியாயத்தைச் சரிசெய்ய விரும்பினால் தொகையைக் கணக்கிட்டு, அதோடு ஒரு பங்கு கூட்டி, உரியவரிடமே நேராகக் கொடுக்கவேண்டும். காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு மனதை ஆற்றிக்கொள்வது ஏசாயா 61:8-ன் தகனபலிதான். மொத்தமாகக் கொடுக்க இயலாவிட்டால் தவணை எழுதிக் கொடுக்கலாம். நேரில் போவது பாதிக்கப்பட்டவருக்குப் பயம் உண்டாக்கும் என்றால் நடுவர் ஒருவர் வழியாக அனுப்பலாம். போகிறவர் தன் பாரம் இறங்கவேண்டும் என்று மற்றவர் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது.

உரியவர் இறந்துபோயிருந்தால்? எண்ணாகமம் 5:7-8 அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி அவருடைய இனத்தாரிடம் கொடுக்கவேண்டும். இனத்தாரும் இல்லையென்றால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் செலுத்தப்படும். வாங்கிக்கொள்ள ஒருவருமே மீந்திராத இடத்திலும் அந்தக் கடன் தள்ளுபடி ஆகவில்லை. கடன் கொடுத்தவரின் இடத்தில் கர்த்தர் நிற்கிறார்.